திருகோணமலையைக் கடலில் இருந்து பார்: லண்டன் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

தேம்ஸ் நதியில் போட்டில் போன வீடியோ கிடைத்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறி கிரீனிச்சில் இறங்கும்வரை ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமல் கதை சொல்லிக்கொண்டே வருகிறார். டவர் பிரிட்ஜுக்குக் கீழே போகும்போது பிள்ளைகள் போட்ட கூச்சல்தான் அவரைக் கொஞ்சம் அடக்கியது. "திருகோணமலையிலும் இப்படி ஊரைச் சுற்றிக் காட்டுற போட் இருக்கா மாமா?" என்று கேட்டிருந்தாய். வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி நீண்டுவிட்டது. ஆகஸ்டில் வர இருக்கிற மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

போட் இருக்கு. ஊரைக் காட்டுகிற போட்தான் இல்லை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரை மணலில் கால் வைத்த உடனே, "திமிங்கிலமா, டொல்பினா, புறாத்தீவா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மூன்றும் நல்லவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் வெளிக்கடலையே பார்த்துக்கொண்டு போவார்கள், ஊர் முதுகுப் பக்கம் கிடக்கும். நம்முடைய ஊரைக் கடலில் நின்று பார்க்காதவர் பாதிதான் பார்த்தவர் என்பது என் கட்சி. ஆகவே திமிங்கிலம் காட்டுகிறவரிடமே, திரும்பும்போது கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையைச் சுற்றி டச்சுக் குடாப் பக்கம் மெதுவாக விடச் சொல்லு. காசையும் கரையிலேயே பேசி முடி. நடுக்கடலில் பேரம் பேசி வென்றவர் யாரும் இல்லை.

விடியக்காலையில் போகவேண்டும். கடல் அடங்கிக் கிடக்கும் என்பது ஒரு காரணம். மற்றது, பாறையின் கடல்முகம் கிழக்குப் பார்த்தது. முதல் வெயில் நேரே அதன்மேல்தான் விழும்.

மேலே கோணேசர் கோயிலடியில் நின்று இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். கீழே வந்து பார்த்தால் கழுத்து நோகும். பாறை நேர்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அலை அடிக்கிற மட்டத்தில் பாசியும் சிப்பியும் பிடித்துக் கறுத்திருக்கும். அதற்கு மேலே எச்சம் வழிந்த வெள்ளைக் கோடுகள், வெடிப்புகளில் புறாக்கள், இன்னும் மேலே பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிய மரம். எஞ்சினை நிறுத்தச் சொல்லு. பாறை வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்து திரும்புகிற சத்தம் கேட்கும், பூசை நேரமென்றால் மணியும் கேட்கும். சம்பந்தர் கோணமாமலையைப் பாடியதும் இராமேஸ்வரத்தில் நின்று, கடலுக்கு அப்பால் இருந்துதான் என்பது மரபு.

1622-இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்கள் அவர்கள் கட்டிய கோட்டைக்குப் போயின, சில கடலுக்குள் விழுந்தன. 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையடியில் முக்குளித்தபோது பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். நீங்கள் மிதந்துகொண்டு நிற்பது அதற்கு மேலேதான். பிள்ளைகளுக்குச் சொல்லு, ஒலிபெருக்கி இல்லாத குறையை நீ தீர்க்கலாம்.

நீலத் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும் பெரிய கப்பல்கள் இங்கே ஒதுங்குவதற்கும் காரணம் ஒன்றுதான்: ஆழம். கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவரை நீளுகிறது. டச்சுக் குடாவைத் தாண்டினால் துறைமுக வாய் தெரியும். வாய் ஒடுக்கம், உள்ளே விரிவு. இந்தத் துறைமுகத்துக்காக எல்லாரும் ஏன் சண்டை பிடித்தார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும். 1782 என்ற ஒரே ஆண்டில், ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். உங்கள் நாட்டு ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நம்முடைய ஊர்ப் பெயரோடு ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. வர முதல் பிள்ளைகளை அதற்கும் ஒருதரம் கூட்டிக்கொண்டு போ.

உட்துறைமுகத்துக்குள் நினைத்தபடி போகமுடியாது, கடற்படையின் இடம். அந்தப் பக்கம் கமராவை நீட்டவும் வேண்டாம். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது இங்கேதான். அன்று எரிந்த சகாயிங் என்ற கப்பல் பல காலம் அடியில் கிடந்தது. 2018-இல்தான் கடற்படை அதை மேலே எடுத்தது. அதே காலத்துச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை ரோட்டால் போகும்போது காட்டுகிறேன்.

உண்மையைச் சொன்னால், ஊரைக் காட்டுகிற போட் ஒன்று நம்மிடம் இருந்தது. கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இருக்கிற மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போன மூதூர் லாஞ்ச். உன் அம்மாவைக் கேள், எத்தனை தரம் போயிருப்பாள். பாலங்கள் வராத காலம். ரோட்டால் போனால் துறைக்குத் துறை பாதைக்கு, அதாவது ஆற்றைக் கடக்கிற மிதவைக்கு, காத்து நிற்கவேண்டும். லாஞ்சில் ஏறினால் அரிசி மூட்டை, சைக்கிள், கால் கட்டிய கோழி எல்லாவற்றுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, குடாவைக் குறுக்கே வெட்டிப் போகலாம். காட்சி பார்க்க யாரும் ஏறவில்லை. ஆனால் ஒரு ரிக்கெற்றில் மலையும் கோட்டையும் துறைமுக வாயும் எல்லாம் தெரிந்தன. கிண்ணியாப் பாலம் 2009-இல் திறந்தது, சனங்களுக்குப் பெரிய ஆறுதல். அதற்காகக் கடலை முழுக்கத் திமிங்கிலத்துக்கே விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். காலையும் மாலையும் ஒரு மணித்தியாலம் ஊரைக் காட்டுகிற போட் ஒன்றை யாராவது நம்முடைய பெடியள் தொடங்கினால் நானே போய்க் கதை சொல்லுவேன், சம்பளம் வேண்டாம்.

மார்கழியில் வருகிறவர்கள் இதை மறந்துவிடுங்கள், வாடைக் கடல் பொல்லாதது. நீ ஆகஸ்டில் வருவதால் பயமில்லை. லைஃப் ஜக்கெட் சின்னவனின் அளவுக்கு இருக்கா என்று ஏற முதல் பார். திமிங்கிலத்தைச் சுற்றி வளைத்துத் துரத்துகிற போட் வேண்டாம். காலையில் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதே, திரும்பி வந்து மாமி சுடுகிற அப்பம் சாப்பிடலாம். திகதியை மட்டும் சீக்கிரம் சொல்லு. சீசனில் நல்ல ஓட்டி கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
உவர்மலை மாமா