டெக்சாஸுக்கு இப்ப வேண்டாம், அப்பாகிட்ட நீ சொல்லுக்கா

அக்கா,

நல்லா இருக்கியா? மாமா, பசங்க எல்லாரும் சௌக்கியமா? போன் போட்டா ஒண்ணு நீ வார்டுல இருக்க, இல்ல அம்மா பக்கத்துல இருக்காக, மனசு விட்டுப் பேச முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், நைட் டூட்டில கேஸ் இல்லாத நேரமாப் பாத்துப் படி. படிச்சுட்டு அப்பாகிட்ட நீதான் பேசணும், நான் சொன்னா அவுக காதுல ஏற மாட்டேங்குது.

இவுக டெக்சாஸ்ல இருக்குற ஹூஸ்டன் ஆபீஸுக்கு மாத்திக்கலாம்னு கம்பெனில சொல்லியிருக்காங்கன்னு என்னைக்கு நான் வாயத் திறந்தேனோ அன்னையில இருந்து அப்பா ஒரே பிடியா நிக்கிறாக. பக்கத்துல பியர்லேண்ட்ல நம்ம மீனாட்சிக்கே கோவில் கட்டியிருக்காக, வெயிலும் மதுரை வெயிலுதான், பனி அள்ள வேண்டாம், வீடு பெருசாக் கெடைக்கும், இன்னும் என்னத்தப் போட்டு ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னு கேக்குறாக. ஆத்தா அங்க இருக்கான்னா எனக்கு மட்டும் ஆசை இருக்காதா. நியூஜெர்சில ஜனவரி மாசம் சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிப் போயி, பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து ஜன்னலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கப்ப, எங்கிட்டாவது வெயில் அடிக்கிற ஊருக்குப் போயிரலாமான்னு எனக்கும்தான் தோணுது.

ஆனா அப்பா ஒண்ணு கேட்டாக பாரு, ஒரே நாட்டுக்குள்ளதான, அந்த ஊர்ல இருந்து இந்த ஊருக்குப் போறதுக்கு இவ்வளவு பேச்சான்னு. அங்கதான் விஷயமே இருக்கு. நம்ம ஊர்ல தேனி தாண்டி குமுளில ஏறி அங்கிட்டு எறங்குனா போர்டு மலையாளமா மாறும், பள்ளிக்கூடப் பாடம் மாறும், ஆனா ஒருத்தன் ஒருத்தன வெட்டுனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான், கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரில என்ன செய்யலாம் செய்யக்கூடாதுங்குறதும் ஒரே சட்டம்தான். இங்க அப்படி இல்லக்கா. மத்திய சட்டம் கொஞ்சம் இருக்கு, மத்தபடி எது குத்தம், எதுக்கு என்ன தண்டனை, துப்பாக்கி யார் வச்சுக்கலாம், டாக்டர் எதச் செஞ்சா ஜெயிலு, ஸ்கூல்ல வாத்தியார் கை வைக்கலாமா கூடாதா, எல்லாம் அந்தந்த ஸ்டேட் வச்சதுதான். அதுனால இத வீடு மாத்துற கணக்குல நான் பாக்கல. இவுகளுக்கு ஒரு மாத்தம், பாப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு தனித்தனியா உக்காந்து பாத்தேன்.

காசு விஷயத்துல டெக்சாஸ் நல்லதுதான், இல்லங்கல. ஸ்டேட் வருமான வரி கெடையாது, இனிமேயும் போடக்கூடாதுன்னு 2019ல ஓட்டெடுப்பு வச்சு அவங்க அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க. வீட்டு வரி அங்கயும் ஜாஸ்திதான், ஆனா சொந்த வீட்டுல குடியிருந்தா அதுல ஸ்கூலுக்குப் போற பங்குக்கு வீட்டு மதிப்புல 1,40,000 டாலர் கழிச்சுக்கிறாங்க. கூட்டிக் கழிச்சா எங்க கைல மிச்சம்தான் நிக்கும்.

ஸ்கூல் விஷயத்துக்குத்தான் எனக்கு ராத்திரித் தூக்கமே போச்சு. பெரிய ஸ்கூல்னு பேரக் கேட்டு அப்ளிகேஷன் வாங்குற பழக்கமே இங்க கெடையாது, வீடு எந்தத் தெருவுல இருக்கோ அந்த டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்தான். டிஸ்ட்ரிக்ட்னா நம்ம ஊரு மாவட்டம் இல்ல, ஸ்கூல்கள நடத்துற வட்டாரம். அப்பா சொல்ற பியர்லேண்ட்லயே, அட்ரஸ் பியர்லேண்ட்னு இருக்கும், ஆனா சில தெருவு பக்கத்துல ஆல்வின் டிஸ்ட்ரிக்டுக்குள்ள போயிரும். ஹூஸ்டன் சிட்டி டிஸ்ட்ரிக்ட்ட 2023லயே ஸ்டேட் கல்வித் துறை எடுத்துக்கிட்டு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவ ஓரங்கட்டிட்டு அவங்களே ஆள் போட்டு நடத்துறாங்க. அதுனால நம்மாளுக எல்லாம் கேட்டி, சுகர்லேண்ட்னு பக்கத்து ஊருகளுக்குப் போயிடுறாங்க.

இதக் கேளு. நம்மள எல்லாம் கணக்கு டீச்சர் பெரம்பால கைய நீட்டச் சொல்லி அடிச்சது ஞாபகம் இருக்குல்ல, உனக்கு வெரல் வீங்கி ராத்திரி சோறு பெசஞ்சு சாப்புட முடியாம அம்மா ஊட்டி விட்டாகளே. இப்ப நம்ம நாட்டுல 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே அடிக்கக் கூடாதுன்னு இருக்கு. நியூஜெர்சில 1867லயே தடை பண்ணிட்டாங்க, அமெரிக்காவுலயே முதல்ல தடை பண்ணுன ஸ்டேட் இதுதான். டெக்சாஸ்ல இன்னைக்கும் சட்டப்படி அடிக்கலாம். டிஸ்ட்ரிக்ட் அனுமதிச்சா அடிக்கலாம், பிள்ளைய அடிக்க வேண்டாம்னா நாமதான் வருசா வருசம் எழுதிக் குடுக்கணும். நிறைய டிஸ்ட்ரிக்ட் வேண்டாம்னு அவங்களே நிறுத்திட்டாங்க, நாங்க போற எடத்துலயும் அப்படித்தான் இருக்கும்னு இவுக சொல்றாக. இருந்தாலும் என் பிள்ளைய அடிக்காதீங்கன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்ங்குறத என்னால சாதாரணமா எடுத்துக்க முடியலக்கா.

அப்புறம் துப்பாக்கி. 2021 செப்டம்பர்ல இருந்து அங்க 21 வயசானவங்க லைசென்ஸ் இல்லாமயே இடுப்புல கைத்துப்பாக்கி வச்சுட்டுப் போகலாம். இங்க அதுக்கு போலீஸ்ல பெர்மிட் வாங்கணும், லேசுல கெடைக்காது. 2022 மே மாசம் டெக்சாஸ்ல உவால்டிங்குற ஊர்ல பள்ளிக்கூடத்துல சுட்டதுல 19 பிள்ளைகளும் 2 டீச்சரும் செத்தாங்க, நாலாவது படிக்கிற பிள்ளைக, நம்ம பாப்பா அடுத்த வருசம் நாலாவது. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஆயுதத்தோட ஒரு ஆபீசர் நிக்கணும்னு சட்டம் போட்டாங்க. இங்கயும் ஸ்கூல்ல ஒளிஞ்சுக்கிற டிரில் நடக்குது, ஆபத்து இல்லாத ஸ்டேட்டுன்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா கடையில சாமான் வாங்குறப்ப பக்கத்துல நிக்கிறவன் இடுப்பப் பாத்துப் பாத்து நடக்குற ஊர்ல பிள்ளைய வளக்கணுமாங்குற கேள்வி என்னைய விட்டுப் போக மாட்டேங்குது.

நல்லதையும் சொல்லணும்ல. 1997ல இருந்து அங்க ஒரு சட்டம் இருக்கு, ஹைஸ்கூல்ல முதல் 10 சதவீதத்துக்குள்ள வந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டில சீட்டு தன்னால வந்துரும். கிராமத்துப் பள்ளிக்கூடம், ஏழைப் பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் ஒரே கணக்குங்குறதால எனக்கு ரொம்பப் புடிச்ச சட்டம் அது. ஆஸ்டின் யுனிவர்சிட்டில மட்டும் கூட்டம் தாங்காம 2026ல இருந்து 5 சதவீதம்னு சுருக்கிட்டாங்க. நம்மாளுக எல்லாம் ஒரே நாலு ஸ்கூல்ல போயிக் குவிஞ்சுக்கிட்டு அந்த 5க்கு அடிச்சுக்கிறாங்க, ஒம்பதாவதுல இருந்தே டியூஷன். டெக்சாஸ் வரலாறுன்னு தனிப் பாடமே நாலாவதுலயும் ஏழாவதுலயும் உண்டு, காலையில நாட்டுக் கொடிக்கும் ஸ்டேட் கொடிக்கும் உறுதிமொழி, அதெல்லாம் பாப்பா ஒரு மாசத்துல பழகிக்குவா. கிளாஸ் ரூம்ல பைபிளோட பத்துக் கட்டளைய மாட்டணும்னு 2025ல சட்டம் போட்டு, அத எதிர்த்து கேஸும் போட்டாங்க. வீட்டுல அவளுக்கு நம்ம சாமி கதை சொல்ல நான் இருக்கேன், அதுல எனக்குப் பயம் இல்ல.

இப்ப என் விஷயம். இத அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவியோ எனக்குத் தெரியாது, ஆனா நீ நர்ஸு, உனக்கு வெளக்கத் தேவையில்ல. நாங்க ரெண்டாவதுக்குப் பாத்துட்டு இருக்கோம். போன தடவை பதினோராவது வாரத்துல துடிப்பு இல்லன்னு சொன்னப்ப இங்க டாக்டரம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு அன்னைக்கே எல்லாம் செஞ்சு அனுப்புனாங்க, யாருகிட்டயும் அனுமதி கேக்கல. டெக்சாஸ்ல 2022 ஆகஸ்ட்ல இருந்து கருக்கலைப்பு கிட்டத்தட்ட முழுசா தடை, தாயோட உயிருக்கு ஆபத்து, இல்ல ஒடம்போட முக்கியமான செயல்பாடு பெருசா பாதிக்கும்னாதான் விதிவிலக்கு, மீறுனா டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், லைசென்ஸும் போயிரும். துடிப்பு நின்ன பெறகு செய்யிறதச் சட்டம் தடுக்கல. ஆனா துடிப்பு இருக்கு, பனிக்குடம் மாசத்துக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு, புள்ள பொழைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியுதுன்னு வச்சுக்கோ, அந்த நேரத்துல டாக்டர் மொதல்ல வக்கீல்கிட்ட பேசிட்டு வர்ற நெலமை. அயர்லாந்துல 2012ல நம்ம கர்நாடகத்துப் பல் டாக்டர் பொண்ணு இப்படித்தான் பதினேழு வாரத்துல கேட்டும் செய்யாம விட்டு, ரத்தத்துல விஷம் ஏறிச் செத்துச்சே, நீ அன்னைக்கு டிவிய ஆஃப் பண்ணிட்டு நம்ம வார்டா இருந்தா ராத்திரியே முடிச்சிருப்போம்னு சொன்ன. நம்ம நாட்டுல 1971லயே சட்டம் இருக்கு. டெக்சாஸ்ல 2025ல கொஞ்சம் தெளிவாக்குறோம்னு திருத்துனாங்கதான், ஆனா பயந்து போன டாக்டர் கை அவ்வளவு சீக்கிரம் நீளுமா? எனக்கும் 37 ஆகப் போகுது, சுகரும் பார்டர்ல இருக்கு. நல்லபடியாத்தான் நடக்கும்னு நம்புறேன், ஆனா நடக்காத பட்சத்துல டாக்டர் என்னைய மட்டும் பாக்குற ஊர்ல இருக்கணும்.

லீவும் அப்படித்தான். இங்க பிரசவத்துக்கு அப்புறம் பிள்ளையப் பாத்துக்க 12 வாரம் வரைக்கும் சம்பளத்துல 85 சதவீதம், ஒரு உச்சவரம்பு உண்டு, நம்ம சம்பளத்துல புடிச்ச காசுதான் அது. டெக்சாஸ்ல ஸ்டேட் குடுக்குறதுன்னு அப்படி ஒண்ணு கெடையாது, கம்பெனி பாத்துக் குடுத்தா உண்டு.

வீடு பாக்குறப்ப இன்னொன்னு தெரிஞ்சுச்சு. ஹூஸ்டனுக்கு மேற்க வெள்ளத்தத் தடுக்க பார்க்கர், ஆடிக்ஸ்னு ரெண்டு பெரிய நீர்த்தேக்கம், மழை இல்லாத நாள்ல காஞ்சு கெடக்கும். அது நெறைஞ்சா தண்ணி நிக்க வேண்டிய எடத்துலயே வீடு கட்டி வித்துட்டாங்க, செல்லூர் கண்மாய்க்குள்ள பிளாட் போட்ட கதைதான். 2017 ஹார்வி புயல்ல ஆயிரக்கணக்கான வீட்டுக்குள்ள தண்ணி. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேராது, அதுக்குத் தனியா கட்டணும். 2024 ஜூலைல பெரில் புயல் வந்து இருபது லட்சத்துக்கு மேல இணைப்புக்கு கரண்ட் போச்சு, அந்த வெயில்ல. மலிவா இருக்குன்னு அப்பா சொல்ற வீட்டப் பாத்தா நான் மொதல்ல கேக்குறது வெள்ள மேப்புல எந்த எடத்துல இருக்குன்னுதான்.

இவுக விசாவும் இருக்கு. ஊர் மாறுனா எச்-1பிங்குற வேலை விசா பேப்பர திரும்பப் போடணும், கிரீன் கார்டுக்கு கம்பெனி போடுற ஐ-140 மனு முடிஞ்சிட்டதால க்யூவுல எங்க தேதி போகாது, ஆனா எடம் மாறுனா கிரீன் கார்டோட ஆரம்பக் கட்டத்த மறுபடி செய்ய வேண்டி வரலாம்னு வக்கீல் சொல்றாரு. என் வேலை அனுமதியும் இவுக பேப்பரப் புடிச்சுக்கிட்டுத்தான் தொங்குது.

அதுனால நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்க்கா. குழந்தை பொறக்குற வரைக்கும் நியூஜெர்சிய விட்டு நகர மாட்டோம். கம்பெனில அப்பவும் கூப்பிட்டா, மொதல்ல ஒரு வருசம் வாடகைக்கு எடுத்து, ஸ்கூலப் பாத்து, மழைக்காலம் ஒண்ணப் பாத்துட்டு அப்புறம் வீடு. இவுகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அங்க போனா டீம் லீட் ஆயிருப்பாக. இருந்தும் மொதல்ல வேண்டாம்னு சொன்னது இவுகதான்.

அப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டிராத. மொதல்ல வெள்ளத்தச் சொல்லு, கண்மாய்னா அவுகளுக்கு சட்டுனு புரியும். அப்புறம் ஸ்கூல்ல அடிக்கலாம்ங்குறதச் சொல்லு, பேத்தி மேல யாரும் கை வைக்க அவுக சம்மதிக்க மாட்டாக. என் விஷயத்த அம்மாகிட்ட மட்டும் சொல்லு, அம்மா பாத்துக்குவாக. பியர்லேண்ட் கோவிலுக்கு லீவுல ஒரு தடவை போயி போட்டோ அனுப்புறேன்னு சொல்லு, அது நிச்சயம்.

அப்புறம் அம்மா பாஸ்போர்ட் எந்த வருசம் முடியுதுன்னு எடுத்துப் பாத்து ரெண்டு பக்கத்தையும் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டு விடு. சென்னைல விசா தேதி கெடைக்க நாளாகுது, இப்பவே ஆரம்பிச்சாத்தான் நேரத்துக்கு அம்மா இங்க வந்து சேர முடியும்.

உன் தங்கச்சி