எந்தப் ‘பாவம்’? – கோமதிக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்துவிட்டது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டேன். தாயும் சேயும் நலம் என்று அறிந்து மனம் நிறைந்தது. கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. “இப்போது கணினியே வாசித்துவிடுகிறதாமே, நீங்கள் இன்னும் ஏன் ஆள் வைத்து, அறை அமைத்து, ஒரு புத்தகத்துக்கு இரண்டு மாதம் பாடுபடுகிறீர்கள்?” என்று கேட்டிருந்தாய். அதே கேள்வி ஆறு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். அதனால் இப்போது விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஒலிப்புத்தகச் செயலியை நடத்துவது நாங்கள் நான்கு பேர்தான் என்பது உனக்குத் தெரியும். பெரியவன் நிரல் எழுதுகிறான். மருமகள் ஒலிப்பதிவையும் வெட்டி ஒட்டும் வேலையையும் பார்க்கிறாள். கூட்டுறவு வங்கியில் காலமெல்லாம் பேரேட்டோடு இருந்த உன் அண்ணன், கணக்கையும் ஒப்பந்தங்களையும் கவனித்துக்கொள்கிறார். முப்பத்தோர் ஆண்டு தமிழ் கற்பித்த எனக்குக் கிடைத்திருக்கும் வேலைக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் மெய்ப்புக் கேட்பது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பார்கள் அல்லவா, அதுபோல மூல நூலைக் கையில் வைத்துக்கொண்டு பதிவான ஒலியை முதலிலிருந்து கடைசி வரை கேட்டு, விழுந்த சொல்லையும் பிறழ்ந்த உச்சரிப்பையும் நிமிடக் கணக்கோடு குறித்துக் கொடுப்பது.

முன்பு நெல் மூட்டை அடுக்கிய உள்ளறைதான் இப்போது பதிவறை. சுவர்களில் இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, கதவின் உட்புறம் ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டிருக்கிறோம். யாரும் பேசாதபோது பதிவில் விழும் அறை இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாகக் கொள்ளும் அளவு. அந்த அமைதி எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணி முதல் ஆறரை மணி வரைதான் கிடைக்கும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி வந்துவிடுவதால் அதுவும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்க வேண்டும் என்பதால், சித்திரை வைகாசியில் வாசிப்பவருக்கு அரைமணிக்கு ஒருமுறை துண்டும் மோரும் கொடுத்து உட்கார வைக்கிறோம். முந்நூறு பக்க நாவல் ஏறக்குறைய பத்து மணி நேர ஒலியாக வரும். அதில் ஒரு மணி நேரம் உருவாக, மைக் முன்னால் மூன்று மணி, வெட்டி ஒட்ட மூன்று மணி, நான் மெய்ப்புக் கேட்க ஒரு மணிக்கும் மேல் என்று போகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பெரியவன் கணினிக் குரலைச் சோதித்துப் பார்க்கலாம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நாள் மாலை, நாட்டியக்காரி ஒருத்தியைப் பற்றிய பழைய சிறுகதையின் முதல் பத்துப் பக்கத்தை அவன் போட்டுக்காட்ட, நாங்கள் நால்வரும் உட்கார்ந்து கேட்டோம். குரல் தெளிவாகவும் இனிமையாகவும் இருந்தது, எங்கும் திக்கவில்லை. நான்காம் பக்கத்தில், “பாட்டின் இரண்டாம் அடி தொடங்கியதும் அவள் முகத்தில் பாவம் மாறியது” என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. கணினி அந்தப் ‘பாவ’த்தைப் புண்ணியத்துக்கு எதிரான பாவமாக வாசித்துவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. கண்ணால் படிக்கும் தமிழர் எவரும் அந்த இடத்தில் இடறமாட்டார். எழுத்து ஒன்றாக இருந்தாலும் மனத்துக்குள் சரியான ஒலிதான் எழும். காதால் மட்டும் கேட்பவருக்கோ அந்தப் பெண் ஏதோ பாவம் செய்துவிட்டாள் என்றுதான் தோன்றும்.

நீயும் தமிழ் படித்தவள், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாட்டு என்பதில் வரும் ‘பா’ வேறு, பாரதி என்பதில் வரும் ‘பா’ வேறு. நம் நெடுங்கணக்கில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். சொல்லின் முதலில் வல்லினம் வன்மையாக ஒலிக்கும், மெல்லினத்தை அடுத்து வந்தால் மென்மையாகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் வடசொற்களும் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அந்த விதிக்குள் அடங்குவதில்லை. தாளில் இல்லாத ஒலியை வாசிப்பவர்தான் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் போடுகிறார். கணினி இதையும் அடுத்த ஆண்டு கற்றுக்கொள்ளும் என்று பெரியவன் சொன்னான். கற்றுக்கொள்ளட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை. அப்போதும் தீராத இன்னொன்று இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுத நானும் உன் அண்ணனும் போயிருந்தோம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, மாதிரிக்காக நாங்கள் பதிவு செய்திருந்த முதல் அத்தியாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் கையை உயர்த்தினார். கதையில் ஒருவன் மற்றவனை ‘வே’ என்று விளிக்கும் இடம் அது. வாசித்தவர் அதைச் சண்டைக்கு இழுப்பதுபோல் வாசித்திருந்தார். “அந்த இரண்டு பேரும் பத்து வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள் அம்மா. இந்த ‘வே’யில் அழுகை இருக்க வேண்டும்” என்றார் பெரியவர். பிறகு தாமே ஒருமுறை சொல்லிக்காட்டினார். ஓரெழுத்துத்தான், என் கண் கலங்கிவிட்டது. அதை அப்படியே கைப்பேசியில் பதிந்துகொண்டு வந்து வாசித்தவரிடம் கொடுத்து, அந்தப் பகுதியை மறுபடி பதிவு செய்தோம்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துரிமையும் ஒலியுரிமையும் வேறு வேறு என்பது பலருக்கு இன்றும் தெரியாது. பாரதியின் படைப்புகளை 1949இல் அரசு ஏற்றபோது, அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியாக ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை விலை எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார் என்பது உனக்கும் நினைவிருக்கும். எழுபது, எண்பதுகளில் எழுதப்பட்ட பதிப்பக ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒலியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உரிமை வாரிசுகளிடம் இருக்கும் என்பதால், ஒரு நூலுக்காக ஐந்து பிள்ளைகளின் கையெழுத்தை ஐந்து ஊர்களில் தேடிப் போயிருக்கிறோம். கல்கி 1954இல் மறைந்தவர். அவருடைய நூல்கள் இன்று எல்லோருக்கும் பொது. அதனால் ஒலிப்புத்தகம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். இன்று எங்கள் செயலிக்கென்று ஒரு முகம் இருக்கிறது என்றால், அது உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் திண்ணைகளில் உட்கார்ந்து எழுதி வாங்கிய உரிமைகளால் வந்தது.

வருமானத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? மாதச் சந்தா 99 ரூபாய். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, எங்கள் சந்தாவுக்கு 18 சதவீதம். பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடை எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். இரண்டும் போக எழுபது ரூபாய் அளவில் கைக்கு வரும். அதில் பாதியை ஆசிரியருக்கும் வாசித்தவருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். மீதியில் சர்வர் வாடகை, மைக், மின்சாரம், பிறகு நாங்கள். 2021 அக்டோபரில், தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு முன்கூட்டியே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் பக்கத்தில் ஆயத்தம் போதவில்லை. பழைய சந்தாக்களில் பெரும்பகுதி புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிற்று. மக்கள் பணத்துக்குப் பாதுகாப்பான விதிதான், அதில் எனக்குக் குறையில்லை. அந்தத் தீபாவளிக்கு வீட்டில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. யுபிஐ வழியாகச் சந்தா கட்டும் வசதியைப் பெரியவன் சேர்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அதைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. ஒருமுறை செயலியைப் புதுப்பித்து வெளியிட்டோம். கேட்பவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்ற குறிப்பு அதுவரை அவரவர் கைப்பேசியில் மட்டுமே இருந்தது. புதுப்பித்ததில் எல்லோருடைய குறிப்பும் அழிந்துவிட்டது. மறுநாள் காலை தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி ஓட்டுபவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் கோபப்படவில்லை. “அம்மா, அந்தப் பெண் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நிறுத்தியிருந்தேன். இப்போது முதலிலிருந்து ஆரம்பிக்கிறது” என்றார். மருமகள் அவரை இருக்கச் சொல்லிவிட்டு, ஒலியைத் தேடி, பதினோராம் அத்தியாயம் இருபத்திரண்டாம் நிமிடம் என்று எடுத்துச் சொன்னாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் யாரெல்லாம் அழைத்தார்களோ அவர்களுக்கெல்லாம் அப்படியே கதையைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். இப்போது அந்தக் குறிப்பு கைப்பேசியிலும் சர்வரிலுமாக இரண்டு இடத்தில் இருக்கிறது. மறுபடி தொடங்கும்போது பத்து நொடி பின்னால் போய்த் தொடங்குகிறது. பேச்சின் நடுவில் எழுந்து போனவர் திரும்பி வந்தால், விட்ட சொல்லைச் சொல்லித்தானே தொடர்வோம்.

இனி முடிவுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நூறாண்டைக் கடந்த பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் தம்பி ஒருவன் இரண்டு ஆண்டுக்கு முன் வீட்டுக்கு வந்து, எங்கள் செயலியைத் தன் கைப்பேசியில் திறந்து காட்டினான். திரையை அவன் விரல் தொடும் இடமெல்லாம், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டும் சொல்லிற்று. எந்தப் பொத்தான் எதற்கு என்று நாங்கள் பெயரே எழுதிவைக்கவில்லை. காதுக்காகச் செய்த செயலியில், கண் இல்லாதவர் நுழைய வழி இல்லை. அந்த வாரமே சரிசெய்தோம். அதே தம்பிதான் இந்த முறை எங்கள் வழக்கையும் தீர்த்தான். கணினிக் குரல் பற்றிக் கேட்டதும் அவன் சொன்னான்: “பாடப்புத்தகத்துக்கு அது போதும் அம்மா. நாளைக்குத் தேர்வு என்றால் இன்றைக்குள் எனக்குப் புத்தகம் வேண்டும். நான் இரட்டை வேகத்தில்தான் கேட்பேன், இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. கதைக்கு மட்டும் மனிதர் வேண்டும்.”

படிக்க இயலாதவருக்காக, இலாப நோக்கின்றி, உரிமையாளரின் அனுமதி இல்லாமலே நூலை ஒலியாக்கித் தரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுக்கிறது. இதற்காகவே ஏற்பட்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலக நாடுகளில் முதலாவதாக உறுதிசெய்ததும் இந்தியாதான். ஆகவே பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கான பாடநூல்களைக் கணினிக் குரலில், அது கணினிக் குரல்தான் என்று முதல் வரியிலேயே சொல்லி, கட்டணமின்றி ஆக்கித் தருவதற்கு, அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்துவருகிறோம். கதைகளும் கவிதைகளும் நாவல்களும் எங்கள் உள்ளறையில், மனிதக் குரலில்தான். ஆண்டுக்கு இருபது நூலுக்கு மேல் எங்களால் ஆகாது. ஆகாவிட்டால் பரவாயில்லை என்று உன் அண்ணனே சொல்லிவிட்டார். கணக்குப் பார்ப்பவர் அப்படிச் சொன்ன பிறகு பெரியவனும் ஒப்புக்கொண்டான்.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்து வாழ்க்கையைச் சொல்லும் கதைத்தொகுதி ஒன்றுக்கு உரிமை வாங்கியிருக்கிறோம். பாத்திரங்களெல்லாம் ‘ஏனுங்க’, ‘வாங்கண்ணு’ என்று உங்கள் பேச்சில் பேசுகிறார்கள். திருநெல்வேலிக்காரர் இருவர் வாசித்துப் பார்த்தார்கள். சொல் சரியாக வந்தது, இழுவை வரவில்லை. விடுதியில் ஞாயிற்றுக்கிழமை வானொலி நாடகம் முடிந்ததும், அதில் வந்த அத்தனை பேர் குரலிலும் எங்களுக்குத் திரும்ப நடித்துக்காட்டுவாயே, அந்தக் குரல்தான் இந்த நூலுக்கு வேண்டும். பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும், மகள் அனுப்பினால், பத்து நாள் இங்கே வந்து இரு. வரும்போது பட்டும், கஞ்சி போட்ட பருத்தியும் வேண்டாம், பக்கம் புரட்டும்போது சரசரப்பு அப்படியே பதிவாகிவிடும். நைந்த வாயில் சேலைகளாகப் பார்த்து எடுத்துக்கொள். கண்ணாடி வளையலை ஊரிலேயே கழற்றி வைத்துவிடு. மூக்குக்கண்ணாடியை மறக்காதே; நூலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இன்றே தபாலில் அனுப்புகிறேன், வருவதற்குள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி