'கொடுமையா?' என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஆய்வுக்காகப் பெண்களிடம் 'கணவர் மனக்கொடுமை செய்கிறாரா?' என்று கேட்டால் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் 'அதெல்லாம் இல்லீங்க' என்றுதான் பதில் வரும். செயலைக் கேட்க வேண்டும்: அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கிறாரா, பிறர் முன் அவமானப்படுத்தினாரா, கடந்த 12 மாதத்தில் அடிக்கடியா, எப்போதாவதா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இப்படித்தான் கேட்கிறது. ஆனால் 'பண விஷயத்தில் உங்களை நம்புவதில்லையா?' என்ற அதன் கேள்வி, ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்குப் போதாது. சம்பளம் அந்தப் பெண்ணின் கணக்கில்தான் விழுகிறது. ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில்? மாமியார் முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தால் கேள்வியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவர் முன்னால் கிடைக்கும் 'இல்லை'யைக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை குறையும், கொடுமை குறையாது. நம் பகுதியில் ஆய்வுக்குக் கிளம்பும் கல்லூரி மாணவர்கள் படிவத்தை அச்சடிக்கும் முன் இதைக் கவனிக்கட்டும்.

- வாசகர், காட்பாடி