வீட்டையும் சிம்மில் வை

லீட்ஸ்,
ஜனவரி 18

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பால் வழிந்து காய்ந்துபோன அடுப்பைத் தேய்த்துவிட்டு, மீந்த சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நியூகாசிலில் நல்ல வீடாக அமைந்தது, அண்ணனுக்கு வேலை பிடித்துப்போனது, கவின் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது எல்லாமே சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில், "ராத்திரி ஸ்வெட்டரோடுதான் படுக்கிறோம், கேஸ் பில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது" என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். குளிரும் குறையாது, பில்லும் குறையாது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

போன குளிர்காலத்தில் அம்மா வந்து மூன்று மாதம் இருந்தாள். பாளையங்கோட்டை வெயிலிலேயே இருந்த உடம்பு. குல்லாயும் சால்வையுமாக வெந்நீர் ஓடிச் சூடு தருகிற ஹால் ரேடியேட்டரை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். "முதுகு சுடுது, கால் ஐஸா இருக்கு" என்பாள். நான் ஓடிப்போய், வீட்டுச் சூட்டை வைக்கிற தெர்மோஸ்டாட்டை 25 டிகிரிக்கு ஏற்றுவேன். ஒரு மணி நேரத்தில் வீடு அனலாகிவிடும். "மூச்சு முட்டுது, அணைச்சிடு" என்பாள். அணைத்தால் கொஞ்ச நேரத்தில் சுவரெல்லாம் சில்லிட்டுவிடும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இதே பாடு. அவள் இருமல் நிற்கவே இல்லை. ராத்திரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோதுதான், தண்ணீரைக் காய்ச்சி ரேடியேட்டருக்கு அனுப்புகிற இந்த கேஸ் பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டே தீருவது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் படித்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஹீட்டிங் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மீதியை அவர் வந்து செய்தே காட்டினார்.

முதலில் தெர்மோஸ்டாட். குளிராக இருந்தால் 30-க்குத் திருப்புகிறோம், சீக்கிரம் சூடாகட்டும் என்று எழுதியிருந்தாய். அப்படி ஆகாது. அது இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு சுவிட்ச்தான். நீ சொன்ன சூடு வந்ததும் பாய்லரை நிறுத்தும், குறைந்தால் மறுபடி போடும். 20-ல் வைத்தாலும் 30-ல் வைத்தாலும் வீடு ஒரே வேகத்தில்தான் சூடேறும். 30-ல் வைத்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவே. பகலில் 19, 20 போதும். குழந்தை இருப்பதால் 18-க்குக் கீழே விடாதே. உலக சுகாதார நிறுவனமே 18-ஐத்தான் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. பில்லுக்குப் பயந்து பிள்ளையைக் குளிரில் உட்கார வைப்பது எனக்குச் சேமிப்பாகவே தோன்றவில்லை.

ஆனால் விஷயம் தெர்மோஸ்டாட்டில் இல்லை, பாய்லரில் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வருகிறது, மாடியில் வெந்நீர்த் தொட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உங்களுடையது காம்பி பாய்லர். அதன் முகப்பில் இரண்டு குமிழ் அல்லது இரண்டு பட்டன் இருக்கும். குழாய்ப் படம் போட்டது குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற வெந்நீருக்கு. ரேடியேட்டர்ப் படம் போட்டது, ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரியில் தண்ணீர் அனுப்புவது என்பதற்கு. பல வீடுகளில் இந்த இரண்டாவது 70, 80 என்று வைத்தபடியே கிடக்கிறது. யாரும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் 78 இருந்தது.

கல் ரொம்பக் காய்ந்துவிட்டால் தோசை என்ன ஆகும்? வெளியே கருகும், உள்ளே மாவாக இருக்கும். அம்மா முதுகு சுட்டதும் கால் சில்லிட்டதும் அதேதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்து ரேடியேட்டர் பக்கம் மட்டும் தகிக்கும், உடனே பாய்லர் நிற்கும், சுவரும் தரையும் சூடு வாங்குவதற்குள் மறுபடி குளிரும். அடுப்பைச் சிம்மில் வைத்து நிதானமாக வேகவைப்பது மாதிரி வீட்டையும் வைக்க வேண்டும்.

கேஸ் மிச்சமாவதும் இங்கேதான். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் எப்படிச் சுடும்! அது தண்ணீராகிறபோது தன் சூட்டை நம் தோலில் இறக்கிவிடுகிறது, அதனால்தான். 2005-க்குப் பிறகு இங்கிலாந்தில் வைத்த பாய்லர்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டையும் பிடித்து வீட்டுக்கே கொடுக்கிற வகை. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி குளிர்ந்து சொட்டும். 78-ல் அனுப்பினால் திரும்பும் தண்ணீரும் சூடாகவே இருக்கும், ஆவி அப்படியே புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். காசு கொடுத்து வாங்கின சூட்டை நாம் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் 60-க்குக் குறைத்தேன். அன்று ராத்திரி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். இதமான சூடுதான் இருந்தது. அதற்கு முன்னால் கையே வைக்க முடியாது. மறுநாள் காலையில் கீழே வந்தால் ஹால் முழுக்க ஒரே மாதிரி இருந்தது. அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்காமலேயே, "இன்னைக்குக் கால் குளிரலை" என்றாள். ஒரு வாரம் கழித்து 55-க்கு இறக்கினேன். பனி கொட்டிய நாட்களில் மட்டும் 65-க்கு ஏற்றினேன்.

காலண்டர் ஓரத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு மீட்டர் ரீடிங் எழுதி வந்தேன். நாளைக்கு 7 கனமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஏறக்குறைய அதே குளிரில் 6-க்கு வந்தது. ஒரு கனமீட்டர் என்பது பில்லில் சுமார் 11 யூனிட். நீயும் எழுதிப் பார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சூடு குறைந்தால் வீடு சூடாக நேரம் பிடிக்கும். ஆறரைக்கு எழுந்திருப்பாய் என்றால் ஐந்தேகாலுக்கே போடும்படி டைமரை வை. ராத்திரி முழுக்க அணைக்காமல் 18-ல் விடு. அப்புறம், வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டுக்காரர்கள் யாராவது கேட்டால் இதை அப்படியே சொல்லிவிடாதே. தொட்டித் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லீஜியோனெல்லா என்கிற கிருமி வளரும்.

ரேடியேட்டர் பக்கவாட்டில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்குமே, அதை நான் பல வருஷம் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைத்திருந்தேன். அது அந்த அறையின் சூட்டைப் பார்த்துத் தானே மூடிக்கொள்கிற வால்வு. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. படுக்கையறைக்கு 2½ வை. தெர்மோஸ்டாட் இருக்கிற அறையில் மட்டும் முழுக்கத் திறந்து விடு, இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று மல்லுக்கு நிற்கும். உங்கள் தெர்மோஸ்டாட் வாசல் கதவுக்குப் பக்கத்திலா இருக்கிறது? கதவிடுக்கில் வருகிற காற்று பட்டால் வீடே குளிர்கிறது என்று நினைத்து அது பாய்லரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. கதவடியில் கனமான துணியைச் சுருட்டி வைத்ததே பாதி சரியாக்கியது.

துணியை ரேடியேட்டர் மேல் காயப்போடாதே. ஈரமெல்லாம் சுவரில் ஏறி மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். சோறு வடிக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைப் பத்து நிமிஷம் திற. கவினுக்குச் சளி என்று எழுதியிருக்கிறாய், அவன் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத் தயவுசெய்து இன்றைக்கே பார்.

அம்மா இப்போது ஊரில் நன்றாக இருக்கிறாள், முட்டிவலி மட்டும்தான். உன் கல்யாணப் புடவையின் கலரைக்கூட இன்னும் மறக்கவில்லை. என் பெரியவள் இந்த வருஷம் பரீட்சை எழுதுகிறாள், ராத்திரி பத்து மணி வரை மாடியில் விளக்கு எரிகிறது. அவள் அறையை மட்டும் 3-ல் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய்லர் முன்னால் நின்றுகொண்டு வீடியோ கால் போடு, சேர்ந்தே குறைத்துவிடலாம். குமிழை மட்டும் தொடு. பாய்லரின் மூடியைக் கழற்றக் கூடாது, அது கேஸ் வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பேர் உள்ள மெக்கானிக்குகள் வேலை. எள்ளுப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
மீனா