விசில் இல்லாமலும் ஆட்டம் தொடங்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்துக்கு இடம் கொடுப்பது சந்தோஷம். அதில் ரெஃப்ரியின் சைகைகளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். தினமும் ஆடுகிறவர்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

நான் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்க்காரன். போன ஞாயிறு எங்கள் மைதானத்தில் ஒரு ஃப்ரீ கிக், அதாவது ஒரு அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் உதை. கோல்கீப்பருக்குப் பதினான்கு வயது இருக்கும். இடது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, விரல்களைக் காட்டி, பந்தை மறிக்க வரிசையாக நிற்கும் தன் அணி வீரர்களின் ‘சுவரை’ அடுக்கிக்கொண்டிருந்தான். அதற்குள் எதிரணி அடித்துவிட்டது. பந்து வலைக்குள். “விசில் அடிக்கலையே சார்!” என்று அழுதுகொண்டே ஓடினான். ரெஃப்ரி கோல் என்று சொன்ன தீர்ப்பு சரிதான். அவர் யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த விதியை அந்தப் பையனுக்கு யாருமே சொல்லிக் கொடுத்ததில்லை.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ப்ளே-ஆஃப் நினைவிருக்கும். கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி இப்படித்தான் விசிலுக்கு நிற்காமல் அடித்தார். கோல் செல்லாது என்று வாதாடிய கேரளா பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு 4 கோடி ரூபாய் அபராதம்.

விதி இதுதான். சாதாரண ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவையில்லை. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அடிக்கிற அணி கேட்டாலோ, ரெஃப்ரியே சுவரைத் தள்ளி நிறுத்தப் போனாலோ, கார்டு எடுத்தாலோ, விசில் ஊதிய பிறகுதான் அடிக்கலாம். அப்போது ரெஃப்ரி விசிலை உயர்த்தி, மறுகை விரலால் அதைத் தொட்டுக் காட்டுவார். அந்தச் சைகையைப் பார்த்தால் பொறுக்க வேண்டும், பார்க்காவிட்டால் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பெனால்டிக்கு எப்போதும் விசில் உண்டு. காயம், ஆள் மாற்றம் என்று ஆட்டம் நின்றிருந்தாலும் அப்படித்தான். கார்னர், த்ரோ-இன்னுக்குப் பொதுவாக வேண்டாம்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பதையும் ‘பொறு’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இன்டைரக்ட் ஃப்ரீ கிக்; வேறு ஆட்டக்காரர் தொடாமல் நேராக உள்ளே போனால் கோல் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

எங்கள் பக்க ரெஃப்ரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விசிலைக் காட்டும் அந்தச் சைகையை இடுப்போடு முடிக்காமல், கோல்கீப்பருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டுங்கள். நீங்களும் இந்தச் சைகைகளைப் படத்தோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், ஐயா. வெட்டி எங்கள் கிளப் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்