மாணவர் திரையையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயிற்சி ஆசிரியர்களுக்கு இணையவழி வகுப்புக் கருவிகளைக் கற்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் செய்தியில் விவரிக்கப்பட்ட பயிற்சி, ஆசிரியரின் திரையோடு நின்றுவிடுகிறது. மாணவருக்கு என்ன தெரிகிறது என்று அறியாதவரை இக்கருவிகளைக் கற்றதாகக் கொள்ள முடியாது. பணிகளை வழங்கித் திருத்த உதவும் கூகுள் கிளாஸ்ரூம் என்ற கருவியில் பணித்தாளை இணைக்கும்போது மூன்று தெரிவுகள் வரும்: மாணவர்கள் பார்க்கலாம், மாணவர்கள் திருத்தலாம், ஒவ்வொருவருக்கும் தனி நகல். இரண்டாவதைத் தேர்ந்தால் வகுப்பு முழுவதும் ஒரே கோப்பில் எழுதும். ஒருவரது விடையை மற்றவர் அழித்துவிட நேரும். எனவே பணியை வெளியிடும் முன்பே சரியான தெரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பயிற்சி பெறுவோரிடம் நான் அடிக்கடி காணும் இன்னொரு குறை, மதிப்பெண்ணை இட்டபின் பணியைத் திருப்பி அனுப்பாமல் விடுவது. அதுவரை அந்த மதிப்பெண் வரைவுதான். மாணவர் கண்ணில் படாது.

எனவே ஒவ்வொரு பயிற்சி ஆசிரியருக்கும் இரண்டு கணக்குகள் கொடுங்கள். ஒன்றில் அவர் வகுப்பு நடத்தட்டும். மற்றொன்றில் சக பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் மாணவராகச் சேர்ந்து பணியைப் பெற்று, எழுதி, சமர்ப்பித்து, திருத்திய தாளைத் திரும்பப் பெறட்டும். மாணவர் கணக்கைக் கைப்பேசியில் திறப்பது இன்னும் நல்லது. கணினியில் ஒழுங்காகத் தெரியும் அகலமான அட்டவணை சிறு திரையில் எவ்வளவு சிரமம் தருகிறது என்பது அப்போதுதான் புரியும். இந்தச் சுற்றை முடித்தவர்களுக்கே சான்றிதழ் வழங்கலாம்.

— ஒரு வாசகர்