கோலப்போட்டிக்கு நடுவராக என்னால் வர இயலாது

மாவட்டப் புத்தகத் திருவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். கோலப்போட்டிக்கு நடுவராக அழைத்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது, நன்றி. அதே உறையில் இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலும் இருந்தது. 11 நாள் மாலை நிகழ்ச்சி, 11 தலைமையுரை. ஒன்றுகூடப் பெண்ணுக்கு இல்லை. வரவேற்புரை, நன்றியுரை, தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாம் எங்களுக்கு வந்திருக்கின்றன. ஒன்பதாம் நாள் ‘மகளிர் அரங்கம்’. அதற்கும் தலைமை ஓர் ஐயாதான்.

போன ஆண்டு உங்கள் மேடையில் நான் பேச வந்தபோது நடந்தது உங்களுக்கே தெரியும். அப்போது எனக்கு வந்த துண்டுச்சீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

22 ஆண்டுகளாக நான் படித்துவருவது ஏரிக் கல்வெட்டுகள். மடை யார் கட்டியது, வண்டல் யார் அள்ளியது, அள்ளாதவருக்கு என்ன தண்டம், இவைதான் என் வேலை. இதையே பேசுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அழைப்பிதழில் வந்த தலைப்பு ‘கல்வெட்டில் பெண்மை’. மற்றவர்கள் பெயருக்கு முன்னால் முனைவர், பேராசிரியர், சொல்வேந்தர், எனக்குத் ‘திருமதி’. சரி, போகட்டும். 6 மணிக்கு வரச் சொன்னீர்கள், ஐந்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். தலைமையுரை 50 நிமிடம். அதில் பாதி, தலைவர் எந்தெந்த ஊரில் பேசிக் கைதட்டு வாங்கினார் என்கிற கதை. பிறகு வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, பொன்னாடை, ஒரு கவியரங்கம். என்னைக் கூப்பிட்டபோது மணி 9.10. எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 9.40.

பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேசினேன். உத்திரமேரூர் என்று சொல்லி வாய் மூடவில்லை, சீட்டு வந்தது: ‘அம்மா, 5 நிமிடத்தில் முடிக்கவும்.’ 50 நிமிடம் பேசியவருக்கு எந்தச் சீட்டும் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

இறங்கியதும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நோட்டோடு ஓடிவந்தார்கள். “மேடம், ஏரி நிறைஞ்சிருக்கும்போது குமிழித்தூம்பை எப்படித் திறப்பாங்க? ஆள் முங்கிப் போகணுமா?” குமிழித்தூம்பு என்றால் ஏரிக்குள்ளேயே இருக்கும் மதகு. அன்று மாலை முழுவதும் அந்தப் பந்தலில் எழுந்த ஒரே கேள்வி அதுதான். நின்று பதில் சொன்னால் பஸ் போய்விடும். பதில் சொல்லாமல் ஓடினேன். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். திருமதியும் இல்லை, சீட்டும் இல்லை.

‘தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ராத்திரியில் வருவதில்லை’ என்று உங்கள் தரப்பில் சொல்கிறீர்களாம். 9 மணிக்கு மேடையேற்றினால் எப்படி ஐயா வருவார்கள்? 6 மணிக்குத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். வருகிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

உங்கள் மேடையில் பெரியார் பெயர் ஒலிக்காத நாள் கிடையாது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது 1938 நவம்பர் 13-ஆம் தேதி சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. தலைமை, மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். பட்டம் கொடுத்தவர்களை நன்றியுரைக்கு அனுப்பிவிட்டுப் பட்டத்தை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். சாகித்திய அகாதெமியின் தமிழ் விருது 1955-இல் தொடங்கியது. 2024 வரை வாங்கிய பெண்கள் ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதி, அம்பை, அவ்வளவுதான். முதல் விருதுக்கே 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பந்தலில் உள்ள நாற்காலிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அன்று நான் சொல்லி முடிக்காததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதி, கி.பி. 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அது. முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. கணக்குக் காட்டாதவர் பெயரையும் போடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. உங்கள் நிரலில் ஐந்து ஆண்டாக அதே ஏழு தலைவர்கள், நாள் மட்டும் மாறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய சபையைவிட நம் திருவிழாக் குழு பழமையானது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். 11 மாலைகளில் ஐந்துக்காவது தலைமையுரை பெண்ணுக்குக் கொடுங்கள். மகளிர் அரங்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஐந்து. மருத்துவரானால் மருத்துவம், பொருளாதாரம் படித்தவரானால் பட்ஜெட் என்று அவரவர் துறையையே பேசவிடுங்கள். எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பெயர்கள் வேண்டுமானால் நம் மாவட்டத்திலிருந்தே இருபது எழுதித் தருகிறேன், அடுத்த கூட்டத்துக்கு முன்பே. தயவுசெய்து நிரல் அச்சுக்குப் போவதற்குள் மாற்றுங்கள்.

அந்தத் துண்டுச்சீட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் பின்பக்கம் உங்கள் சாமியானா வாடகை பில். கணக்கு காட்டத் தேவைப்படலாம்.

மரியாதையுடன்,
போன ஆண்டு ஐந்தாம் நாளின் கடைசிப் பேச்சாளர்